ஆங்கிலத்தின் வழியே ரஷ்யச் சிறார் இலக்கியம்: எதில் தொடங்குவது, எப்படிப் படிப்பது

விக்தர் திரகூன்ஸ்கி எழுதிய தெனீஸ் கதைகளில் ஒன்று. காலைச் சாப்பாட்டுக்கு ரவைக் கஞ்சி. தெனீஸ்காவுக்கு அதைப் பார்த்தாலே குமட்டுகிறது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டால் கிரெம்ளின் பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்று ஆசை காட்டிவிட்டு அம்மா அந்தப் பக்கம் போகிறாள். பையன் உப்புப் போட்டுப் பார்க்கிறான். காரக் கிழங்கு விழுதை ஒரு ஜாடி முழுக்கக் கொட்டிப் பார்க்கிறான். தொண்டை எரிந்ததுதான் மிச்சம். ஜன்னல் பக்கம் போய் அப்படியே கவிழ்த்துவிடுகிறான். சற்று நேரத்தில் வீட்டுக்குள் ஒரு போலீஸ்காரர் வருகிறார். அவர் பின்னால், தொப்பியிலிருந்து கஞ்சி வழிய வழிய ஒரு மனிதர்.

இந்தக் கதையை ஆங்கிலத்தில் படித்தால் ரவைக் கஞ்சி ‘செமோலினா’ ஆகும், இல்லையென்றால் வெறும் ‘போரிட்ஜ்’ ஆகும். லண்டன் குழந்தைக்கு அது என்னவாகத் தோன்றுமோ, நம் வீட்டுக் குழந்தைக்கு விளக்கமே வேண்டாம். ரஷ்யச் சிறார் இலக்கியத்தை ஆங்கிலம் வழியாகப் படிக்கும் தமிழருக்கு இப்படிச் சில வசதிகள் உண்டு. சில சங்கடங்களும் உண்டு. நடுவில் நிற்கும் ஆங்கிலம் எந்த ஊர் ஆங்கிலம் என்பதைப் பொறுத்துக் கதையே வேறாகிவிடும். அதனால் இந்த வழிகாட்டி எழுத்தாளரில் தொடங்கவில்லை, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் தொடங்குகிறது.

முதல் படி: தலைப்புப் பக்கத்தைத் திருப்புங்கள்

புத்தகத்தை எடுத்ததும் மொழிபெயர்ப்பாளர் யார், எந்த ஊரில் அச்சானது, எந்த ஆண்டு என்று பாருங்கள். ஆங்கிலத்தில் கிடைக்கும் ரஷ்யச் சிறார் நூல்களில் பெரும்பாலானவை மூன்று குவியல்களுக்குள் அடங்கிவிடும்.

ஒன்று, மாஸ்கோவிலேயே மொழிபெயர்த்து அச்சிட்டவை. 1931-இல் அயல்நாட்டுத் தொழிலாளர் பதிப்பகமாகத் தொடங்கிய நிறுவனம் அந்நிய மொழிப் பதிப்பகமாகி, 1963-இல் முன்னேற்றப் பதிப்பகம் ஆனது. கதை, கவிதை, சிறார் நூல்களுக்கென்று 1982-இல் அதிலிருந்து ராதுகா பிரிந்தது. நம் ஊருக்கு வந்ததெல்லாம் இந்தக் குவியல்தான். 1951-இல் சென்னையில் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாகத் தடித்த அட்டையும் வண்ணப் படமுமாக வந்து, மிட்டாய் வாங்கும் காசுக்குக் கிடைத்த புத்தகங்கள் அவை. இவற்றை மொழிபெயர்த்தவர்களில் சிலர் வெளிநாட்டிலிருந்து போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். மார்கரெட் வெட்லின் என்ற அமெரிக்க ஆசிரியை 1932-இல் சோவியத் நாட்டுக்குப் போனவர், 1980-இல்தான் ஊர் திரும்பினார். ஃபைன்னா கிளாகலேவா (சில நூல்களில் சலாஸ்கோ என்று இருக்கும்) பெயர் உங்கள் அலமாரியில் நிச்சயம் எங்காவது இருக்கும். இவர்களுடைய ஆங்கிலம் மூலத்தை ஒட்டிப் போகும், அதிகம் வெட்டாது. சில இடங்களில் பள்ளிக்கூட வாடை அடிக்கும், அவ்வளவுதான்.

இரண்டு, நியூயார்க் குவியல். அமெரிக்கக் குழந்தைக்குப் புரியவேண்டும் என்று கதையைச் சுருக்கி, புது ஓவியரை வைத்துப் படம் போட்டு, சமயத்தில் தலைப்பையும் மாற்றிய புத்தகங்கள். இங்கேதான் பெரிய கைகள் இருக்கின்றன. 1990-இல் ‘கரமாஸவ் சகோதரர்கள்’ மொழிபெயர்ப்பால் பெயர் பெற்ற ரிச்சர்ட் பெவியர் அதே ஆண்டு குழந்தைக் கவிஞர் மார்ஷாக்கின் தபால் பாட்டை ‘ஹெயில் டு மெயில்’ என்று கொடுத்திருக்கிறார். புல்காகவின் ‘மாஸ்டரும் மார்கரீத்தாவும்’ நாவலை 1967-இல் மொழிபெயர்த்த மிர்ரா கின்ஸ்பர்க், சுத்தேயெவின் கோழிக்குஞ்சுக் கதையை 1972-இல் ‘தி சிக் அண்ட் தி டக்லிங்’ ஆக்கினார். இந்த நூல்களில் ‘மொழிபெயர்த்தவர்’ என்று போட்டிருக்கிறதா, ‘தழுவியவர்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

மூன்று, 2010-க்குப் பிறகு லண்டனிலும் நியூயார்க்கிலும் வந்துகொண்டிருப்பவை. அவற்றைக் கடைசியில் பார்க்கலாம்.

இரண்டாம் படி: பாட்டி கதையில் தொடங்குங்கள்

மூன்று, நான்கு வயதுக் குழந்தை என்றால் ‘ரேப்கா’. தாத்தா நட்ட டர்னிப் கிழங்கு பெரிதாகிவிடுகிறது, பிடுங்க வரவில்லை. பாட்டி, பேத்தி, நாய், பூனை என்று ஒருவர் பின் ஒருவர் பிடித்து இழுக்கிறார்கள். கடைசியில் சுண்டெலி வந்து பிடித்ததும் கிழங்கு வந்துவிடுகிறது. எந்த மொழிபெயர்ப்பாளராலும் இதைக் கெடுக்க முடியாது, அடுக்கிக்கொண்டே போவதுதான் இங்கே கதை. உருண்டோடும் ரொட்டி ‘கொலபோக்’ கதையும் அப்படியே.

கொஞ்சம் வளர்ந்த பிறகு அஃபனாசியெவ். நம் ஊர் நாட்டார் கதைத் தொகுப்பாளர்களைப் போல, 1855 முதல் 1863 வரை ஏறத்தாழ 600 கதைகளைத் தொகுத்து வெளியிட்டவர். 1945-இல் நியூயார்க்கில் வந்த நார்பர்ட் குட்டர்மன் மொழிபெயர்ப்பு இன்றும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதைக் குழந்தை கையில் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். அஃபனாசியெவ் தொகுத்தது பெரியவர்களுக்காக. கோழிக்கால் குடிசையில் வாழும் கிழவி பாபா யாகாவின் வேலியில் மனித மண்டை ஓடுகள் சொருகியிருக்கும். முதலில் நீங்கள் படித்து, கதையைத் தேர்ந்தெடுத்து, வாயால் சொல்லுங்கள்.

அந்தச் சிரமம் வேண்டாம் என்றால் ஆர்தர் ரான்ஸம் இருக்கிறார். ரஷ்ய மொழி கற்கவும் கதை சேகரிக்கவும் 1913-இல் அங்கே போன ஆங்கிலேயர். பின்னால் பத்திரிகை நிருபராகிப் புரட்சியை நேரில் பார்த்தார், துரோத்ஸ்கியின் காரியதரிசியைக் கல்யாணம் செய்துகொண்டார். 1916-இல் வந்த அவருடைய ‘ஓல்டு பீட்டர்ஸ் ரஷ்யன் டேல்ஸ்’ நூலில், காட்டுக்குடிசையில் கிழவர் பீட்டர் பேரப்பிள்ளைகள் வான்யாவுக்கும் மரூஸ்யாவுக்கும் கதை சொல்வார். இது மொழிபெயர்ப்பு அல்ல, மறுகூறல். கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிக்க இதைவிடத் தோதான ஆங்கிலம் இந்தப் பட்டியலில் வேறு இல்லை என்பது என் கட்சி. குட்டன்பர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசம்.

பெரியவர்கள் தங்களுக்கென்று ஒன்றே ஒன்று வாங்குவதானால் ராபர்ட் சாண்ட்லர் 2012-இல் பென்குவினுக்காகத் தொகுத்த ரஷ்ய மாயக் கதைகள். புஷ்கின் முதல் பிளத்தோனவ் வரை அதில் இருக்கிறது.

மூன்றாம் படி: தல்ஸ்தோயின் அரைப்பக்கக் கதைகள்

‘போரும் அமைதியும்’ எழுதி முடித்த கையோடு தல்ஸ்தோய் செய்த வேலை, பிள்ளைகளுக்கு அரிச்சுவடி எழுதியது. 1872-இல் ஒன்று, அதைத் திருத்தி 1875-இல் இன்னொன்று. யாஸ்னயா பல்யானாவில் குடியானவப் பிள்ளைகளுக்கு அவர் நடத்திய பள்ளிக்கூட அனுபவம் அதில் இருக்கிறது.

‘பிளம் கொட்டை’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா பிளம் பழம் வாங்கி, சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க எண்ணி வைத்திருக்கிறாள். யாரும் இல்லாதபோது வான்யா ஒன்றைத் தின்றுவிடுகிறான். யார் எடுத்தது என்று அப்பா கேட்க, எல்லோரும் இல்லை என்கிறார்கள். வான்யாவும் இல்லை என்கிறான். எடுத்ததுகூடப் பெரிதில்லை, இதில் கொட்டை இருக்கிறது, விழுங்கியவர் ஒரு நாளில் செத்துப்போவார், அதுதான் எனக்குப் பயம் என்கிறார் அப்பா. வான்யா வெளிறிப்போய், ‘இல்லை, கொட்டையை ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டேன்’ என்கிறான். எல்லோரும் சிரித்தார்கள், வான்யா அழுதான். கதை அங்கே முடிந்துவிடுகிறது. நீதி எதுவும் சொல்லாமல் நிறுத்த தல்ஸ்தோய்க்குத் தெரிந்திருந்தது. நாமும் படித்துக் காட்டும்போது ‘இதிலிருந்து என்ன தெரிகிறது?’ என்று கேட்காமல் இருந்தால் நல்லது.

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு வழி. லியோ வீனரின் 1904 மொழிபெயர்ப்பு பழசு, இலவசம். ஹார்வர்டில் ஸ்லாவிய மொழிப் பேராசிரியராக இருந்தவர், கணித மேதை நார்பர்ட் வீனரின் அப்பா. மொழி கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஜேம்ஸ் ரியோர்டனின் 1988 தொகுப்பு ‘தி லயன் அண்ட் தி பப்பி’ பிள்ளைகள் தாமாகப் படிக்கும் அளவுக்கு எளிமை. சிங்கக் கூண்டுக்குள் போட்ட நாய்க்குட்டியைப் பற்றிய தலைப்புக் கதையை, தூங்கப் போகும் நேரத்தில் மட்டும் படித்துவிடாதீர்கள். அழுகை நிற்காது.

நான்காம் படி: பாட்டு. இங்கே இரண்டு மொழிபெயர்ப்பு வேண்டும்

ரஷ்யக் குழந்தை இலக்கியத்தின் உயிர் அதன் பாட்டில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதிகம் சேதாரமானதும் அதுதான்.

கர்னேய் சுகோவ்ஸ்கியின் ‘தொலைபேசி’ (1926) இப்படித் தொடங்கும்: என் தெலிஃபோன் அடித்தது, ‘யார் பேசறது?’, ‘ஸ்லோன்’. ஸ்லோன் என்றால் யானை. தெலிஃபோன், ஸ்லோன் என்று இரண்டும் ஓசையில் பொருந்தி நிற்பதால் ரஷ்யக் குழந்தைக்கு யானை போன் பேசுவது இயல்பான விஷயம். ‘எலிஃபண்ட்’ என்று மாற்றியதும் அந்த இயல்பு போய்விடுகிறது, மொழிபெயர்ப்பாளர் வேறெங்காவது இயைபைத் தேடி ஓடவேண்டியிருக்கிறது. அம்மாவின் படுக்கையறையிலிருந்து ஓடி வரும் கை கழுவும் தொட்டிக்கு அவர் வைத்த பெயர் ‘மோய்ததீர்’. ‘ஓட்டை விழும்வரை தேய்த்துக் கழுவு’ என்று அர்த்தம் வரும். மாஸ்கோ ஆங்கிலத்தில் ‘வாஷ் எம் கிளீன்’. பொருள் கிட்டத்தட்ட வந்துவிட்டது, வேடிக்கை வரவில்லை.

மார்ஷாக்கிடமும் இதே கதை. ‘சாமான்’ (1926) பாட்டில் ஒரு சீமாட்டி ரயிலில் சோபா, பெட்டி, பை, படம், கூடை, அட்டைப்பெட்டி, கூடவே ஒரு குட்டி நாய் என்று பதிவு செய்து அனுப்புகிறாள். இந்தப் பட்டியல் பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். வழியில் நாய் ஓடிவிட, ரயில்வேக்காரர்கள் ஏதோ ஒரு பெரிய தெருநாயைப் பிடித்து ஏற்றிவிடுகிறார்கள். இது என் நாயில்லை என்று சீமாட்டி கத்த, ‘பயணத்தில் வளர்ந்திருக்கும்’ என்று பதில் வருகிறது. ரஷ்யர்கள் இன்றும் பேச்சில் எடுத்துப்போடும் வரி அது. பெவியர் 1989-இல் இதை மொழிபெயர்த்தபோது அந்தக் கடைசி வரியையே தலைப்பாக்கிவிட்டார்: ‘தி பப் க்ரூ அப்!’ ஓசை அருமை. ஆனால் நகைச்சுவையின் முடிச்சை அட்டையிலேயே அவிழ்த்துவிட்டாரே என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

ஆகவே செய்யவேண்டியது இது. ஒரே பாட்டுக்கு இரண்டு ஆங்கில வடிவம் தேடுங்கள். ‘தொலைபேசி’க்கு ஒரு சோவியத் பதிப்பும், விளதீமிர் ரதூன்ஸ்கி படம் போட்ட ஜேமி காம்ப்ரெல் மொழிபெயர்ப்பும் (1996) போதும். இரண்டையும் உரக்கப் படியுங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே மொழிபெயர்ப்பாளர் திணறியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு, ரஷ்ய எழுத்து தெரியாவிட்டாலும் மூலத்தை யாராவது வாசிக்கும் ஒலிப்பதிவைப் பிள்ளைகளோடு ஒருமுறை கேளுங்கள். சந்தம் காதில் ஏறிவிட்டால் ஆங்கிலம் விட்ட இடத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும்.

மார்ஷாக்கைப் படமில்லாமல் வாங்குவது வீண். விளதீமிர் லேபெதெவ் 1920-களில் அவருக்கு வரைந்த படங்கள் அச்சுக்கலையின் உச்சம். ‘சர்க்கஸ்’, ‘ஐஸ்கிரீம்’, ‘சாமான்’ எல்லாம் அந்தக் காலத்தவை. அந்தப் படங்களோடு லண்டன் டேட் கலைக்கூட நிறுவனம் 2013-இல் ஒரு தொகுப்பு போட்டது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு உபபாடம்: சுகோவ்ஸ்கியின் ‘இரண்டிலிருந்து ஐந்து வரை’. மிர்யம் மார்ட்டன் 1963-இல் ஆங்கிலத்தில் தந்தார். சின்னக் குழந்தைகள் மொழியை எப்படி உடைத்து உருட்டி விளையாடுகிறார்கள் என்று பல ஆண்டு சேர்த்த குறிப்புகள். 1928-இல் லெனினின் மனைவி குரூப்ஸ்கயா ‘பிராவ்தா’வில் இவருடைய ‘முதலை’ப் பாட்டைக் கடுமையாகத் தாக்கினார். அர்த்தமில்லாத பாட்டு குழந்தைக்கு எதற்கு என்ற கேள்விக்கு இந்தப் புத்தகத்தில் அவர் நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

ஐந்தாம் படி: எட்டு வயதுக்கு மேல், சிரிப்புக் கதைகள்

இந்தப் படியில் ஆங்கிலம் பெரிதாகக் குறுக்கே நிற்காது. நிக்கலாய் நோசவின் ‘மீஷ்காவின் கஞ்சி’யில் இரண்டு பையன்கள் தனியாகச் சமைக்கிறார்கள். பானையில் அளவு தெரியாமல் தானியத்தைப் போட்டுவிட, கஞ்சி பொங்கிப் பொங்கி வெளியே வருகிறது. தண்ணீர் எடுக்கப் போனால் வாளி கிணற்றில் விழுகிறது. இதற்கு எந்த நாட்டு அடிக்குறிப்பும் தேவையில்லை.

அவருடைய ‘நெஸ்னாய்கா’ சின்ன வெள்ளரிக்காய் உயரக் குட்டி மனிதர்களின் ஊர்க்கதை. நெஸ்னாய்கா என்றால் ஒன்றும் தெரியாதவன், ஸ்னாய்கா என்றால் எல்லாம் தெரிந்தவன். வெட்லின் இவர்களை ‘டன்னோ’, ‘டூனோ’ ஆக்கினார். பெயரைப் பொருளாலும் ஓசையாலும் ஒருசேரப் பிடித்த மொழிபெயர்ப்புக்கு நல்ல உதாரணம். மாஸ்கோ ஆங்கிலம் என்றால் உலர்ந்தது என்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

அலெக்சாந்தர் ரஸ்கினின் ‘வென் டாடி வாஸ் எ லிட்டில் பாய்’, தொடக்கத்தில் சொன்ன தெனீஸ் கதைகள், இரண்டும் கிளாகலேவாவின் கைவண்ணம். எத்வார்த் உஸ்பென்ஸ்கியின் ‘மாமா ஃபியோதர்’ நியூயார்க் குவியலைச் சேர்ந்தது. செக் நாவலாசிரியர் குந்தேராவை மொழிபெயர்த்த மைக்கேல் ஹென்றி ஹைம் 1993-இல் மொழிபெயர்த்தார். ஆறு வயதில் தானே சூப் வைக்கத் தெரிந்த பையனை எல்லோரும் ‘மாமா’ என்று கூப்பிடுகிறார்கள். பூனையை வீட்டில் வைக்கக்கூடாது என்றதும் கோபித்துக்கொண்டு பூனையோடு கிராமத்துக்குக் குடிபோகிறான். அந்தக் கிராமத்தின் பெயர் பிரஸ்தக்வாஷினோ. பிரஸ்தக்வாஷா என்றால் உறைந்த பால். நம் வாயில் ‘தயிரூர்’ என்று வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடும்.

உஸ்பென்ஸ்கியின் இன்னொரு பிரபலமான பிறவி, ஆரஞ்சுப் பெட்டிக்குள் தூங்கி ஊர் வந்து சேர்ந்த செபுராஷ்கா. பழைய ஆங்கிலப் பதிப்பில் அதன் பெயர் ‘டாப்பிள்’. தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

ஆறாம் படி: கடன் வாங்கிய கதைகள்

இது வேடிக்கையான படி. இங்கே கதை மேற்கிலிருந்து ரஷ்யாவுக்குப் போய், உடை மாற்றிக்கொண்டு ஆங்கிலத்துக்குத் திரும்பியிருக்கிறது. டாக்டர் டூலிட்டில் ‘அய்பலீத்’ ஆனார். ‘ஐயோ, வலிக்குது’ என்பதே அவர் பெயர். பினோக்கியோவை அலெக்சேய் தல்ஸ்தோய் (அரிச்சுவடி எழுதியவர் அல்ல, வேறொருவர்) 1936-இல் ‘புரத்தீனோ’ ஆக்கினார். இவன் பொய் சொன்னால் மூக்கு நீளாது, கடைசிவரை மரப்பொம்மையாகவே இருப்பான், நல்ல பிள்ளையாக மாறித் திருந்தும் பேச்சே இல்லை. கணித ஆசிரியரான வோல்கவ் 1939-இல் ‘ஓஸ்’ கதையை ‘மரகத நகரின் மந்திரவாதி’யாக எழுதினார். டோரதி எல்லி ஆனாள், சூறாவளியைச் சூனியக்காரியே ஏவிவிட்டாள். பீட்டர் பிளைஸ்டோன் மொழிபெயர்ப்பு 1991-இல் வந்தது. பத்து வயதுப் பிள்ளையிடம் மூலத்தையும் இதையும் கொடுத்து வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னால் ஒரு விடுமுறை ஓடிவிடும்.

ஏழாம் படி: ஆண்டைப் பார்த்துப் படிக்கவேண்டியவை

அர்காதி கைதாரின் ‘சூக்கும் கேக்கும்’ 1939-இல் வந்தது. இரண்டு பையன்கள் சண்டையில் அப்பாவின் தந்தியைத் தொலைத்துவிட்டு, அதை அம்மாவிடம் சொல்லாமல் மறைத்து, அவளோடு அப்பாவைப் பார்க்கப் பனிக்காட்டுக்குப் பயணம் போகிறார்கள். குழந்தைக்கு இது சாகசக் கதை. பெரியவர் அந்த ஆண்டையும் சேர்த்துப் படித்தால், அப்பா ‘தூரத்தில்’ இருக்கும் வீட்டின் மௌனம் வேறு மாதிரிக் கேட்கும். கைதார் 1941-இல் போரில் இறந்தார்.

தனியீல் ஹார்ம்ஸ் இன்னும் கனமான ஆள். பெரியவர்களுக்கு எழுதியதை அச்சிட வழியில்லாமல் ‘யோஷ்’, ‘சீஷ்’ என்ற குழந்தைப் பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்தவர். வீட்டிலிருந்து கிளம்பிய ஒரு மனிதன் காட்டுக்குள் போய்க் காணாமல் போகிறான், பார்த்தால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று முடியும் பாட்டு, மனிதர்கள் நிஜமாகவே காணாமல் போய்க்கொண்டிருந்த 1937-இல் ‘சீஷ்’ இதழில் வந்தது. அதன்பின் நெடுநாள் அவர் எழுத்து அச்சேறவில்லை. 1942 பிப்ரவரியில், முற்றுகையில் இருந்த லெனின்கிராதின் சிறை மருத்துவமனையில் இறந்தார். குழந்தைக்கு இதையெல்லாம் சொல்லத் தேவையில்லை. பாட்டைப் பாட்டாகவே படியுங்கள். ஹார்ம்ஸ், மாயகோவ்ஸ்கி, மந்தெல்ஷ்தாம் மூவரின் சிறார் பாடல்களை யூஜீன் ஒஸ்தஷேவ்ஸ்கி ‘தி ஃபயர் ஹார்ஸ்’ என்று 2017-இல் தந்திருக்கிறார்.

எட்டாம் படி: இப்போது எழுதுகிறவர்கள்

பட்டியல் சின்னது. யூலியா யாக்கவ்லெவாவின் ‘தி ரேவன்ஸ் சில்ட்ரன்’ (2018, ரூத் அஹமத்ஸாய் கெம்ப்) ஸ்டாலின் காலத்து லெனின்கிராதில் பெற்றோரைத் தேடும் பிள்ளைகளின் கதை, பத்து வயதுக்கு மேல். ‘தி அபார்ட்மெண்ட்’ (2019, அந்தனீனா பூயி) ஒரே மாஸ்கோ வீட்டின் நூறு வருடத்தைப் படத்தில் காட்டுகிறது. அலமாரியில் என்ன இருந்தது, மேசையில் என்ன இருந்தது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போகலாம், எந்த வயதுக்கும் பொருந்தும். சிரிப்பு வேண்டுமென்றால் அன்னா ஸ்தரபினெத்ஸின் ‘கேட்லாண்டிஸ்’ (2015). யூஜீன் யெல்சினின் ‘பிரேக்கிங் ஸ்டாலின்ஸ் நோஸ்’ புத்தகத்தை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். எழுதியவர் ரஷ்யாவில் பிறந்தவர், எழுதியது ஆங்கிலத்தில். நல்ல நூல்தான், மொழிபெயர்ப்பு அல்ல.

படிக்கும்போதும் வாங்கும்போதும்

பெயர்தான் முதல் முட்டுக்கட்டை. மிகயீல், மீஷா, மீஷ்கா மூவரும் ஒரே ஆள். நம் வீட்டில் சுப்பிரமணியன் சுப்புவாகி மணியாவது போல. மீஷ்கா கரடிக்கும் செல்லப்பெயர் என்பதால் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தாத்தா அடுப்பின்மேல் படுத்திருக்கிறார் என்று வந்தால் பதறவேண்டாம். ரஷ்ய அடுப்பு செங்கல் மேடை, குளிருக்கு அதன்மேல்தான் படுப்பார்கள்.

சோவியத் பதிப்புகளைப் பழைய புத்தகக் கடைகளிலும் இணையக் காப்பகத்தின் வருடல் படிகளிலும் தேடலாம். பழைய படி வாங்கும்போது நடுத்தாள் இருக்கிறதா, ஓவியரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டியிருப்பார்கள், நாமும் அதைத்தானே செய்தோம். ஒரே நூலில் எல்லாவற்றையும் ருசி பார்க்கவேண்டும் என்றால் மிர்யம் மார்ட்டன் 1967-இல் தொகுத்த ‘எ ஹார்வெஸ்ட் ஆஃப் ரஷ்யன் சில்ட்ரன்ஸ் லிட்டரேச்சர்’ பெரிய நூலகங்களில் இருக்கும்.

ரஸ்கினுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ என்று தமிழிலும் வந்த புத்தகம் அது. அடிக்கடி உடம்புக்கு முடியாமல் படுத்த மகள் சாஷாவுக்குச் சொன்ன கதைகள் என்று முன்னுரையில் எழுதியிருப்பார். தமிழ்ப் படியையும் ஆங்கிலப் படியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பா தன் பந்தை மோட்டார் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் எறியும் முதல் கதையை இரண்டு மொழியிலும் படித்துக் காட்டுங்கள். எந்த மொழியில், எந்த வரியில் பிள்ளை சிரிக்கிறது என்று கவனித்து, அடுத்த புத்தகத்தை அதை வைத்து வாங்குங்கள்.